ஒலிபெருக்கியில் ஒரு பெயர்

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் யோகேஸ்வரி கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போனது இவ்வளவுதான்: "எம் பேர மைக்குல சொன்னீங்கன்னா மிஸ், அத்தோட நான் ஸ்கூலுக்கு வரமாட்டேன். பரீட்சையும் வாணாம், ஒண்ணும் வாணாம்."

சொன்னால் செய்கிற பெண். பொதுத் தேர்வு மார்ச்சில். இது ஜனவரி. அவள் பெயரை மைக்கில் சொல்வதாக ஏற்பாடாகியிருந்த நாள் இன்று.

வாங்கிப் போன பத்திரிகையைப் பக்கத்து வீட்டார் திருப்பித் தராததால் கதை விட்டுப்போனவர்களுக்காகச் சில வரிகள்.

வசுமதி, மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடற்கரைச் சாலையில் இருக்கும் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் கணக்கு டீச்சர். எல்லாப் பள்ளியிலும் மனநல ஆலோசகர் இருந்தாக வேண்டும் என்று எங்கிருந்தோ சுற்றறிக்கை வந்தபோது, தாளாளர் ராமானுஜம் ஆசிரியர் அறையை ஒருமுறை வலம் வந்தார். பிரம்பு இல்லாத ஒரே கை எது என்று பார்த்தார். அந்தக் கையில் பதவியைக் கொடுத்தார். சம்பளம் உயரவில்லை, பெயர்ப்பலகை உயர்ந்தது.

செங்கல்பட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் இரண்டு நாள் பயிற்சி. முதல் நாள் குத்துவிளக்கும் வரவேற்புரையும். மறுநாள் நன்றியுரையும் குரூப் போட்டோவும். இடையில் கிடைத்த சந்தில் ஓர் அம்மாள் எழுந்து, "பிள்ளைகள் பேசும்போது குறுக்கே பேசாதீர்கள்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். வசுமதி அதை மட்டும் எடுத்துக்கொண்டு வீடு திரும்பினாள்.

பள்ளியில் 'மனமலர் மையம்' திறக்கப்பட்டது. அதுவரை அது விளையாட்டுச் சாமான் அறை. நீலத் திரை போட்டு, சுவரில் சூரிய உதயப் படம் ஒட்டி, நடுவில் ஒரு சாய்வு நாற்காலி வைத்தார்கள். மனக்கஷ்டம் உள்ளவர்கள் சாய்ந்துகொண்டுதான் பேசுவார்கள் என்பது ராமானுஜத்தின் திடமான நம்பிக்கை. நாற்காலி, செங்கல்பட்டில் மூடிப்போன ஒரு சலூனிலிருந்து வந்தது. ஃபுட்பால் வாசனை மட்டும் அறையை விட்டுப் போக மறுத்தது.

ஆலோசனைக்கு வர வேண்டியவர்களின் பெயரைக் காலைப் பிரார்த்தனை முடிந்ததும் பி.டி. மாஸ்டர் ஜானகிராமன் ஒலிபெருக்கியில் வாசிப்பார். முதலில் ஃபீஸ் கட்டாதவர்கள், அப்புறம் முடி வெட்டாதவர்கள், அப்புறம் மனநலம். பையன்கள் இந்த மூன்றாவது கூட்டத்துக்கு 'மெண்டல் பேட்ச்' என்று பெயர் வைத்தார்கள். ஒலிபெருக்கி அழைத்து வந்த எவரும் அந்த நாற்காலியில் வாயைத் திறந்ததில்லை.

அழைக்காமல் வந்தவள் ஒருத்திதான். மீனவக் குப்பத்து தேவேந்திரனின் மகள் யோகேஸ்வரி. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில், மைதானத்துப் பக்கம் திறக்கும் பின்கதவு வழியாக வந்தாள். யாராவது உற்றுப் பார்த்தால் அவளுக்கு மூச்சு அடைக்கும். தேர்வு அறையில் டீச்சர் பக்கத்தில் வந்து நின்றால் பேனா நின்றுவிடும். எல்லாம் சுனாமிக்குப் பிறகு. அலையால் வந்ததல்ல, அலைக்குப் பின்னால் வந்தவர்களால் வந்தது.

"படம் வரையச் சொன்னாங்க மிஸ். அலை வரைஞ்சா பிஸ்கட்டு. எங்காண்ட புள்ளைங்க தெனம் நாலு அலை வரைஞ்சுதுங்க. அப்பால ஒருத்தர் வந்து அழுவுற பொண்ணு வேணும்னாரு. நான் அழுதுகினு இருந்தேன். போட்டோ புடிச்சிகினு போனாரு. மறுவருசம் அது காலண்டரு. எங்க ரேசன் கடையிலயே மாட்டிக்கினு இருந்துச்சு. ஏப்ரல் மாசம் பூரா நான்தான்."

இந்தப் பெண்ணின் பெயரைத்தான் வசுமதி ஆசிரியர் கூட்டத்தில் உளறிவிட்டாள். "உங்க மையத்துக்கு ஈ காக்கா வரலையாமே" என்று தாளாளர் குத்தியபோது ரோஷத்தில் வாயிலிருந்து விழுந்த பெயர். விழுந்ததை ராமானுஜம் பொறுக்கிக்கொண்டார்.

"குப்பத்துப் பொண்ணு. சுனாமி வேற. இதைவிட நல்ல கேஸ் நமக்குக் கிடைக்குமா மேடம்?"

இன்று விருதுக் குழு வருகிறது. 'மாணவர் மனம் காக்கும் மாதிரிப் பள்ளி' விருது. ஓய்வு பெற்ற இணை இயக்குநர் பார்த்தசாரதி தலைமையில் வந்து, ஓர் ஆலோசனையை நடத்திக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, பள்ளிக்குக் கேடயம் தரலாமா என்று முடிவு செய்வார்கள்.

* * *

"வேற ஆளைப் போடு," என்றார் சுப்புராமன், தோசையை மடித்தபடி.

வசுமதியின் கணவர். அணு ஆராய்ச்சிக் கூடத்தில் விஞ்ஞான அதிகாரி. டவுன்ஷிப்பில் அவசரநிலை ஒத்திகை நடக்கும்போதெல்லாம் கழுத்தில் விசில் மாட்டிக்கொண்டு நடக்கும் பாக்கியம் பெற்றவர். உலகத்தில் எந்தச் சிக்கலும் முறையான ஒத்திகை இல்லாததால்தான் வருகிறது என்பது அவர் கட்சி.

"வேற ஆள்னா யாருங்க? எந்தப் பிள்ளை வரும்?"

"வசு, டிரில்லுல காயம்பட்டவன்னு ஒருத்தனைப் படுக்க வைப்போமே, அவனுக்கு நிஜமாவா காயம்? இருக்கிறதுலயே திடமான ஆளாப் பார்த்துக் கழுத்துல அட்டையை மாட்டுவோம். நிஜமா உடம்பு சரியில்லாதவனைப் படுக்க வெச்சா டிரில்லு கெட்டுடும். அது முதல் விதி."

"அதனால?"

"நம்ம ஆதியைப் போடு."

வசுமதி திரும்பி மகனைப் பார்த்தாள். ஆதித்யா, அதே பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு. தட்டில் இருந்த சட்னியை விரலால் கோலம் போட்டுக்கொண்டிருந்தான்.

ஃப்ரிட்ஜ் கதவில் அவன் வாழ்க்கை வரைபடமாகத் தொங்கியது. சனி, ஞாயிறுகளில் செங்கல்பட்டில் நுழைவுத் தேர்வுப் பயிற்சி. வாராவாரம் அங்கே நடக்கும் டெஸ்டில் வாங்கும் மார்க்கை அவன் வந்து சொல்ல, சுப்புராமன் கிராஃப் தாளில் புள்ளி வைத்துச் சிவப்புக் கோடு இழுப்பார். வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காப்பிக்கு முன்னால் அந்தக் கோடு பரிமாறப்படும்.

"நான் வரேன்," என்றான் ஆதித்யா.

அவ்வளவு சீக்கிரம் அவன் எதற்கும் சரி சொல்பவனல்ல. வசுமதி அதைக் கவனித்திருக்கலாம். அப்போது அவள் மனத்தில் இருந்தது யோகேஸ்வரி மட்டும்.

"என்ன சொல்லணும்?" என்று கேட்டான்.

"பரீட்சை பயம்னு சொல்லு. எப்படி இருக்கும்னு நான் கேப்பேன். வயித்தைக் கலக்குதுன்னு சொல்லு. மூச்சை இழுத்து விடச் சொல்லுவேன். விட்டுட்டு, தேங்க்யூ மிஸ்னு சொல்லிட்டுப் போயிடு."

"அஞ்சு நிமிஷ டிரில்லு," என்றார் சுப்புராமன். "நானும் வரேன். பெற்றோர் சங்கத் தலைவர் இல்லாம எப்படி?"

* * *

"ஆதித்யாவா?" ராமானுஜத்தின் முகம் சுருங்கியது. பட்டு அங்கவஸ்திரத்தின் மேல் சந்தன மாலைக்காக இடம் ஒதுக்கி வைத்திருந்தார். "விஞ்ஞானி பையனுக்கு என்ன மேடம் கஷ்டம் இருக்கும்? பார்க்கவே செழிப்பா இருக்கான். கேஸுன்னா கொஞ்சம் வாடி இருந்தாத்தான் எடுபடும்."

"நல்லாப் பேசுவான் சார்."

"அழுவானா?"

வசுமதி கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அந்தப் பொண்ணே இருக்கட்டும். மைக்குக்குச் சீட்டு அனுப்பியாச்சு." அவர் கார் சத்தம் கேட்டு வாசலுக்கு விரைந்தார்.

வசுமதி மைதானத்தின் குறுக்கே ஓடினாள். புடவை கட்டிய கணக்கு டீச்சர் ஓடுவதைப் பள்ளி அதுவரை பார்த்ததில்லை. ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. கொடிக்கம்பத்தடியில் ஜானகிராமன் மைக்கை இரண்டு தட்டுத் தட்டி, ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருங்க சார். பேர் மாறிடுச்சு."

"இன்னா மேடம், இப்பதான் சீட்டு வந்துச்சு. அய்யா கையெழுத்து கீது பாருங்க."

"அய்யாதான் சொல்லி அனுப்பினார்."

"உங்கள ஓடவுட்டா?" ஜானகிராமன் அவளை மேலும் கீழும் பார்த்தார். கையில் இருந்த சீட்டைப் பார்த்தார். "நாளைக்கு என் சீட்டக் கிழிச்சிடப் போறாரு மேடம். எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்கதான் சொன்னீங்க."

"நான்தான் சொன்னேன்."

ஒலிபெருக்கி இருமியது.

"பன்னெண்டாம் வகுப்பு, ஏ பிரிவு..."

ஆதித்யாவும் யோகேஸ்வரியும் அந்தப் பிரிவில்தான். மாடியில் இரண்டாவது ஜன்னலில் ஒரு பெண் எழுந்து நின்றது வசுமதிக்குத் தெரிந்தது. தோளில் பை மாட்டியிருந்தாள்.

"...எஸ். ஆதித்யா. மனமலர் மையத்துக்கு வரவும்."

ஜன்னலில் இருந்தவள் பையைக் கழற்றவில்லை. ஆனால் உட்கார்ந்தாள்.

* * *

மையத்தில் எட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். ஒரு மனம் திறப்பதைப் பார்க்க எட்டுப் பேர். முன்வரிசையில் பார்த்தசாரதி, காதில் சொருகிய பேனாவோடு. பக்கத்தில் ராமானுஜம். பையனைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வந்தது. விருந்தாளி முன்னால் கோபத்துக்கு வசதியில்லாததால் சிரித்தார். ஓரத்தில் சுப்புராமன், கைகளைக் கட்டிக்கொண்டு, மகன் பிறந்த நாளன்று ஆஸ்பத்திரியில் நின்ற அதே தோரணையில்.

ஆதித்யா உட்கார்ந்ததும் சலூன் நாற்காலி தன் பழைய வழக்கப்படி தானே பின்னால் சாய்ந்தது. அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லுப்பா," என்றாள் வசுமதி. "என்ன பிரச்சினை?"

"பரீட்சை பயம் மிஸ்."

பள்ளியில் அவன் அவளை மிஸ் என்றுதான் கூப்பிட வேண்டும். எட்டுத் தலைகளும் ஆமோதித்து ஆடின.

"எப்படி இருக்கும்?"

வயிற்றைக் கலக்கும் என்று அவன் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. பார்த்தசாரதி பேனாவை எடுத்தார்.

"சனி ஞாயிறு செங்கல்பட்டுக்குக் கோச்சிங் போறேன் மிஸ்," என்றான். "போறேன்னு வீட்டுல சொல்றேன். தீபாவளிக்கு அப்புறம் உள்ள போகலை."

சுப்புராமன் புருவத்தை உயர்த்திப் புன்னகைத்தார். பையன் சொந்தமாகக் கற்பனை செய்கிறான்.

"பஸ்ல திருக்கழுக்குன்றம் தாண்டுறப்பவே கை குளிர்ந்துடும். கொஸ்டின் பேப்பர் கொடுத்தா விடை தெரியுது மிஸ். கைதான் எழுத மாட்டேங்குது. பேரை எழுதிட்டு உட்கார்ந்திருப்பேன். அதனால ஸ்டேஷனுக்குப் போயிடுவேன். எலெக்ட்ரிக் டிரெயின்ல ஊரப்பாக்கம் வரைக்கும் போய்த் திரும்பி வருவேன். திருப்பியும் போவேன். கிளாஸ் விடற நேரத்துக்கு பஸ் ஏறிடுவேன்."

குறுக்கே பேசாதீர்கள். வசுமதி பேசவில்லை. கையில் இருந்த பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"டெஸ்ட் மார்க் அப்பா கேப்பாரு. நானே போட்டுக்குவேன். ஒரேயடியா ஏத்தினா சந்தேகம் வரும். அதனால ரெண்டு வாரம் ஏத்தி ஒரு வாரம் இறக்குவேன். இறக்கின வாரம் அப்பா திட்ட மாட்டாரு. இது இயல்பான ஏற்ற இறக்கம், மொத்தப் போக்கைப் பாருன்னு சொல்லித் தட்டிக் கொடுப்பாரு. அன்னைக்குத்தான் மிஸ் ரொம்பக் கஷ்டமா இருக்கும்."

சுப்புராமன் பக்கத்தில் இருந்தவரின் காதில் கிசுகிசுத்தார்: "நம்ம வீட்டு கிராஃபையே கதையில சேர்த்துட்டான் சார். பயங்கர ஆளு."

"போன மாசம் ஒரு நாள் ஊரப்பாக்கம் போகலை," என்றான் ஆதித்யா கூரையிடம். "எதிர்ப் பக்கம் நின்ன விழுப்புரம் வண்டியில ஏறி உட்கார்ந்தேன். மேல்மருவத்தூர்ல இறங்கித் திரும்பி வந்துட்டேன். அடுத்த தடவை இறங்குவேனான்னு தெரியலை."

வசுமதியின் கையில் பேனா மூடி நின்றது.

போன மாதம் அவன் சட்டையைத் துவைக்கும்போது பையில் ஒரு குங்குமப் பொட்டலம் இருந்தது. சிவப்பு அட்டையில் மேல்மருவத்தூர் என்று அச்சடித்தது. எவனோ நண்பன் கொடுத்திருப்பான் என்று சுவாமி படத்தடியில் வைத்திருந்தாள். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. இன்று காலையும் அதிலிருந்து எடுத்துத்தான் நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

இப்போது அவள் ஏதாவது சொல்ல வேண்டும். மூச்சை இழுத்து விடு என்பதுதான் அவள் வசனம். அவளுக்கே மூச்சு வரவில்லை.

ஆதித்யா காத்திருந்தான். கொஞ்ச நேரம் உண்மையாகவே காத்திருந்தான். பிறகு நாற்காலியிலிருந்து எழுந்தான்.

"தேங்க்யூ மிஸ்," என்றான். காலையில் சொல்லிக்கொடுத்ததில் மிச்சம் இருந்தது அந்த ஒன்றுதான்.

கதவு சாத்திய சத்தம் அடங்கவில்லை, கைதட்டல் எழுந்தது.

"பிரமாதம்," என்றார் பார்த்தசாரதி. "மிகையே இல்லை. அந்த ரயில்வே ஸ்டேஷன் பாருங்க, அது அனுபவிச்சவன் சொல்ற மாதிரியே இருந்தது."

"எல்லாம் பயிற்சிதான் சார்," என்றார் ராமானுஜம். கோபம் இருந்த இடம் தெரியவில்லை.

எல்லோரையும்விட அதிக நேரம் கைதட்டியவர் சுப்புராமன்.

* * *

"அது நடிப்பில்லீங்க."

வராந்தாத் தூணருகே வசுமதி கணவரை நிறுத்தினாள். உள்ளே கேசரியும் போண்டாவும் விருதுக் குழுவின் முடிவை முடுக்கிவிட்டுக்கொண்டிருந்தன.

"டிரில்லு முடிஞ்சதும் ஆபத்து இல்லைன்னு ஆல் கிளியர் கொடுக்கணும் வசு. நீ இன்னும் டிரில்லுக்குள்ளயே நிக்கிற."

"போன வாரம் எவ்வளவு சொன்னான்?"

"எண்பத்து மூணு."

"அதுக்கு முந்தின வாரம்?"

"எழுபத்தெட்டு."

"அதுக்கும் முந்தி?"

"அறுபத்தொன்பது. அன்னைக்கு நான்கூடத் தட்டிக் கொடுத்து..."

அவர் நிறுத்தினார். விரலை மடக்கி இன்னும் சில வாரங்களைப் பின்னால் போய்ப் பார்ப்பது உதட்டசைவில் தெரிந்தது. இரண்டு ஏற்றம், ஓர் இறக்கம். இரண்டு ஏற்றம், ஓர் இறக்கம். வருகிறவர்களுக்கெல்லாம் அவர் காட்டிய கோடு. இவ்வளவு ஒழுங்கான வரைபடத்தை யார் கொண்டுவந்து காட்டினாலும் ஆபீஸில் அவர் நம்பியிருக்க மாட்டார்.

"எங்க அவன்?" என்றார்.

வகுப்பில் இல்லை. பை இருந்தது. சைக்கிள் ஷெட்டில் இல்லை. பஸ் டிக்கெட்டுக்கென்று அவள் கொடுக்கும் பணம் எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். முன்கேட் வாட்ச்மேன், காரைத் தவிர எதையும் பார்க்கவில்லை என்றார்.

"மைக்குல கூப்பிடச் சொல்றேன்," என்று சுப்புராமன் திரும்பினார்.

"வேண்டாங்க. ஓடிப் போனவனை மைக்குல கூப்பிட்டா வருவானா?"

அவர் கேட்கவில்லை. கூப்பிடச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று. தலைக்கு மேலே ஒலிபெருக்கி தானாகவே இருமியது. பேசியது ராமானுஜம்.

"மகிழ்ச்சியான செய்தி. நம் பள்ளிக்குக் கேடயம் உறுதியாகிவிட்டது. இன்று சிறப்பாக நடித்துக் காட்டிய மாணவன் ஆதித்யாவுக்குச் சிறப்பு விருந்தினர் ரொக்கப் பரிசு அறிவித்திருக்கிறார். ஆதித்யா எங்கிருந்தாலும் உடனே மேடைக்கு வரவும்."

மூன்று மாடியிலும் பையன்கள் விசிலடித்தார்கள்.

சுப்புராமன் கேட் பக்கம் ஓடினார். வசுமதிக்குக் கால் எங்கே போவதென்று தெரியவில்லை. மையத்துக்குள் வந்தாள். நாற்காலி இன்னும் சாய்ந்தே கிடந்தது. அதை நிமிர்த்தினாள், மறுபடி சாய்ந்தது.

பின்கதவு தட்டப்பட்டது. இரண்டு தட்டு, மெதுவாக.

யோகேஸ்வரி. தோளில் இன்னும் பை.

"காலையில எம் பேருக்குப் பதிலாத்தான் அவன் பேரு வந்துச்சா மிஸ்?"

"ஆமா."

அவள் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். நாற்காலியை ஒரு பார்வை பார்த்தாள். "இதுல குந்த மாட்டேன்." வசுமதி பின்கதவடிப் படியில் உட்கார்ந்து இடம் விட்டாள். அவளும் உட்கார்ந்தாள்.

"அவன் எங்க போய்க்கினு கீறான்னு எனக்குத் தெரியும் மிஸ். பின்கேட்டாண்ட கூப்ட்டுப் பேசுனேன். அவனே சொன்னான்."

வசுமதி அவள் கையைப் பிடித்தாள். யோகேஸ்வரி பிடிக்க விட்டாள், ஆனால் தன் கையால் பிடிக்கவில்லை.

"சொல்றேன். ஆனா மைக்குல வரக் கூடாது. பெரிய சாரு, பி.டி. சாரு, ஆருக்கும் தெரியக் கூடாது. உங்க வூட்டு சாருக்கும் தெரியக் கூடாது. நீங்க மட்டும் வரணும். போன தபா நான் சொன்னத நீங்க வெளிய சொல்லிட்டீங்க இல்ல?"

"சொல்லிட்டேன்."

"இந்தத் தபா?"

வராந்தாவில் காலடிச் சத்தம். சாத்தியிருந்த முன்கதவு தட்டலில் அதிர்ந்தது.

"வசு!" சுப்புராமனின் குரல் உடைந்திருந்தது. "அந்தக் குப்பத்துப் பொண்ணு அவன்கூடப் பேசினதைப் பின்கேட் வாட்ச்மேன் பார்த்திருக்கான். உள்ள இருக்காளா? கதவைத் திற."

யோகேஸ்வரி எழுந்துவிட்டாள். அவள் கண் பின்கதவில் இருந்தது. மூச்சு இழுக்கத் தொடங்கியிருந்தது.

பதினெட்டு வருடத் தாம்பத்தியத்தில் வசுமதி கணவருக்குக் கதவைத் திறக்காமல் இருந்ததில்லை. இந்த அறைக்கு உள்தாழ்ப்பாள் உண்டென்றே இதுவரை யாரும் கவனித்ததில்லை, துரு ஏறியிருந்தது. அவள் முன்கதவுக்குப் போய் இரண்டு கையாலும் அதை அழுத்திப் போட்டாள்.

"கவுன்சிலிங் நடக்குதுங்க," என்றாள் கதவிடம். "கொஞ்ச நேரம் வெளியில இருங்க."

கதவின் அந்தப் பக்கம் யாரோ மெல்ல, தரையில் உட்காரும் சத்தம் மட்டும் கேட்டது.

வசுமதி திரும்பி வந்து படியில் உட்கார்ந்தாள். அவன் எங்கே என்று கேட்கவில்லை. தலைக்கு மேலே ஒலிபெருக்கி ஆதித்யாவை மறுபடியும் மேடைக்கு அழைத்தது, எங்கிருந்தாலும்.

அது ஓயும்வரை யோகேஸ்வரி காத்திருந்தாள். பிறகு பையைத் தோளிலிருந்து கழற்றிப் படியில் வைத்தாள்.